ஈயின் படம் கையில் இருக்கிறது, பெயர் வரவில்லை: எங்கே சிக்குகிறது என்று அறியும் வழி

ஈயின் பெயரை முடிவு செய்யும் உறுப்பு எதுவோ, அது படத்தில் விழாமல் போவதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். ஈக்கள் அடங்கிய டிப்டெரா வரிசையில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். மேலிருந்து எடுத்த ஒரே படத்தைக் கொண்டு இனம் வரை சொல்லிவிடக்கூடியவை இவற்றில் கொஞ்சம்தான். சில படங்கள் குடும்பம் வரை அழைத்துப் போகும், சில பேரினம் வரை. அங்கேயே நின்றுவிடுவது முழுமையான விடைதான். படம் காட்டாத ஒன்றை ஊகித்துப் பெயராக எழுதினால், அடுத்து அதே ஈயைத் தேடி வருபவருக்கு அந்தப் பிழை ஆதாரமாகிவிடுகிறது.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறோம். உங்கள் படத்துக்குப் பொருந்துவதற்கு நேரே போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈ என்று நம்பித் தேடப்படும் படங்களில் தேனீயும் குளவியும் நிறையவே கலந்திருக்கும்.

ஈயா, தேனீயா, குளவியா என்பதே பிடிபடவில்லை

ஈக்குச் சிறகு இரண்டு, தேனீக்கு நான்கு என்பது உண்மை. ஆனால் படத்தில் எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் மிகச் சிறிய கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒரே சிறகாகத் தெரியும்.

உணர்கொம்பிலிருந்து தொடங்குங்கள். தேனீக்கும் குளவிக்கும் அது நீண்டு, முழங்கைபோல் ஓரிடத்தில் மடங்கி, கணுக்கணுவாக இருக்கும். பூவில் வந்து அமரும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு உணர்கொம்பு குட்டை. கண்களுக்கு நடுவே தொங்கும் சிறு கதுப்பும், அதிலிருந்து கிளம்பும் ஒற்றை மயிரும்தான் தெரியும். அந்த மயிருக்கு அரிஸ்டா என்று பெயர். பின்னால் பல இடங்களில் அது தேவைப்படும்.

அடுத்தது கண். தேனீயின் கண் தலையின் பக்கவாட்டில் நீள்வட்டமாக நிற்கும், நடுவில் முகம் அகலமாக இருக்கும். ஈயின் கண் தலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டுப் படம் இருந்தால் சிறகின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். குண்டூசித் தலைபோல் வெளிறிய ஒரு குமிழ் காம்போடு நீட்டிக்கொண்டிருந்தால் அது ஹால்டர், அதாவது பின்சிறகு உருமாறிய உறுப்பு. அதைக் கண்டுவிட்டால் ஈ என்பதில் சந்தேகமே வேண்டாம். நீலஈ, வீட்டு ஈ போன்றவற்றில் மட்டும் ஒரு வெண்மடல் அதை மூடி மறைக்கும்.

விதிவிலக்கு இரண்டு. கோனோபிடே குடும்ப ஈக்களுக்கும், சிர்ஃபிடே குடும்பத்தில் சீரியானா போன்ற குளவி வேடமிடும் ஈக்களுக்கும் உணர்கொம்பு உண்மையிலேயே நீளம். மைக்ரோபெசிடே ஈக்கள் முன்னங்கால்களைத் தலைக்கு முன்னே நீட்டி ஆட்டும், நிலைப்படத்தில் அது நீண்ட உணர்கொம்பாகவே பதியும். நீட்டியிருப்பது தலையிலிருந்து புறப்படுகிறதா, மார்பின் அடியிலிருந்தா என்று தடம் பிடித்துப் பாருங்கள்.

மஞ்சள் கறுப்புப் பட்டையோடு அந்தரத்தில் நிற்கும் ஈ என்றால் சிர்ஃபிடே என்பது நல்ல ஊகம். சிறகின் நடுவே எந்த நரம்போடும் இணையாமல் ஓடும் மடிப்புக் கோடு ஒன்று, அதாவது பொய் நரம்பு, தெரிந்தால் ஊகம் உறுதியாகும். தேனீபோலவே இருக்கும் எரிஸ்டாலிஸ் ஈயில் நீளவாக்கில் ஓடும் நரம்பு ஒன்று சிறகின் வெளிப்பாதியில் கிண்ணம்போல் கீழே வளைந்து மேலேறும். கண்ணில் புள்ளியோ கோடோ இருந்தால் எரிஸ்டாலினஸ் பக்கம் பாருங்கள். எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் கண்ணில் செங்குத்தாக இரண்டு மயிர்ப் பட்டைகள் உண்டு, அதை நிறக்கோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம் கூர்மையாக இருக்கிறது, ஆனாலும் குடும்பத்தைத் தாண்ட முடியவில்லை

கோணம்தான் காரணம். முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்த அழகான ஒரே படத்தைவிட, சுமாரான மூன்று படங்கள் மேல். ஒன்று நேர் மேலிருந்து: முதுகுக் கோடுகளும் வயிற்றுப் பட்டைகளும் சிறகு நரம்புகளும் கிடைக்கும். ஒன்று நேர் பக்கவாட்டில்: மார்பின் பக்கத் தகடுகள், மூச்சுத்துளையின் நிறம், கால்கள், உறிஞ்சுகுழல். ஒன்று முகத்துக்கு நேராக: கண்களுக்கு இடையிலான அகலம், கன்னத்தின் நிறம், அரிஸ்டா.

ஈ பறந்துவிடும் என்பதால் வரிசை முக்கியம். முதலில் எட்ட இருந்தே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஈ இருக்கும் மட்டத்துக்குக் கையைத் தாழ்த்தி, நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல நெருங்குங்கள். சட்டென்ற அசைவும் நிழலும்தான் அதை விரட்டும்; மெதுவாக வரும் கையைப் பல ஈக்கள் பொறுத்துக்கொள்ளும். காலையில் வெயில் ஏறும் முன் அவை மந்தமாக இருக்கும்.

பிடித்த ஈ என்றால் சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, குளிர்பெட்டியின் சாதாரண அறையில் 5 முதல் 10 நிமிடம் வைத்து எடுத்தால் ஓரிரு நிமிடம் அசையாமல் இருக்கும். உறைநிலைப் பகுதியில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடல்மேல் பனித்துளி படிந்தால் முதுகின் சாம்பல் பூச்சு கறுப்பாகத் தெரியும், துளி காயும் வரை காத்திருங்கள்.

ஈயின் உண்மை அளவே படக்கருவியின் உணரியில் விழும் ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் 11 லென்ஸ் துளையில், கூர்மையாக விழும் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். வீட்டு ஈயின் மார்பு அகலமே அதைவிட அதிகம். ஆகவே எந்தப் பரப்பு வேண்டுமோ அந்தப் பரப்புக்கு லென்ஸை இணையாக வைப்பதுதான் வழி. எஃப் 22 வரை துளையைச் சுருக்கினால் தடிமன் கூடும், ஆனால் ஒளிச்சிதறலால் படம் முழுவதும் மங்கி மெல்லிய மயிர்கள் காணாமல் போகும்.

பச்சையாக மின்னுகிறது, பார்க்கும் இடமெல்லாம் வேறு வேறு பெயர்

மின்னும் பச்சையை வைத்து மட்டும் முடிவுக்கு வரவே கூடாது. கல்லிஃபோரிடே, மஸ்கிடே, டோலிக்கோபோடிடே, ஸ்ட்ராடியோமையிடே என நான்கு குடும்பங்களிலாவது இந்த நிறம் உண்டு; சில தேனீக்களிலும் குளவிகளிலும்கூட உண்டு.

கால்கள் உடலுக்கு மிஞ்சி நீண்டு, இலைமேல் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய சிற்றீ என்றால் டோலிக்கோபோடிடே. சிறகின் நரம்புகள் முன்விளிம்புப் பக்கமாக நெருங்கி, நடுவில் ஒரு சிறு அறை இருந்தால் ஸ்ட்ராடியோமையிடே. இவை இரண்டும் விலகினால் பெரும்பாலும் கல்லிஃபோரிடேதான் மிஞ்சும். மஸ்கிடேயின் நியோமையா மட்டும் இதன் அச்சாக இருக்கும். பிரிக்கப் பக்கவாட்டுப் படம் வேண்டும். மார்பின் பக்கத்தில், பின் மூச்சுத்துளைக்கு முன்னால் உள்ள தகட்டில் கட்டை முள்மயிர்கள் ஒரு வரிசையாக நின்றால் கல்லிஃபோரிடே. நியோமையாவில் அந்த வரிசை கிடையாது.

கல்லிஃபோரிடேக்குள் வந்தபின் முதல் கேள்வி கன்னம். லுசிலியா பேரினத்தின் முகம் வெள்ளி பூசியதுபோல் வெளிறியிருக்கும். கிரைசோமையா மெகாசெஃபலாவில் கன்னம் ஆரஞ்சு மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும், தலையும் மார்பைவிட அகலமாகத் தோன்றும். அதன் ஆணில் ஒரு தனி அடையாளம் உண்டு. கண்ணின் மேற்பகுதியில் பெரிய கண்ணறைகள், கீழ்ப்பகுதியில் சிறியவை, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோன்ற எல்லை. பக்கவாட்டுப் படம் நன்றாக விழுந்திருந்தால் சிறகின் வேர்ப்பகுதிக்கும் போய்ப் பாருங்கள். அங்கே தண்டு நரம்பின் மேற்புறத்தில் மயிர் வரிசை இருந்தால் கிரைசோமையா, வழுவழுப்பாக இருந்தால் லுசிலியா.

மார்பு மங்கிய கருநீலமாக, வயிறு மட்டும் நீலமாக மின்னினால் கல்லிஃபோரா. இதில் அடிக்கடி குழம்பும் இரண்டு இனங்களைக் கன்னமே பிரித்துவிடும். கல்லிஃபோரா விசினாவின் கன்னத்தில் முன்பகுதி ஆரஞ்சு நிறம். கல்லிஃபோரா வொமிட்டோரியாவில் கன்னம் கறுப்பு, ஆனால் அதில் தாடிபோல் ஆரஞ்சு மயிர் இருக்கும். தூரத்துப் படத்தில் இரண்டும் ஆரஞ்சாகவே தெரியும் என்பதால், ஆரஞ்சு தோலில் இருக்கிறதா மயிரில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

லுசிலியா செரிகாட்டாவா, குப்ரினாவா என்பதுதான் இந்தக் கூட்டத்தில் மிகக் கடினமான கேள்வி. முன்னந்தொடை செரிகாட்டாவில் கருநீலம், குப்ரினாவில் பச்சை மின்னல். தலையின் பின்புறத்தில், உச்சி முள்மயிருக்குக் கீழே, குப்ரினாவில் பக்கத்துக்கு ஒரு சிறு மயிர், செரிகாட்டாவில் பல. தொடை நிறத்தை ஃபிளாஷ் வெளிச்சம் கெடுத்துவிடும், தலையின் பின்புறமோ சாதாரணப் படங்களில் விழுவதே இல்லை. அந்த இரண்டும் தெளிவில்லை என்றால் லுசிலியா என்று எழுதி நிறுத்திவிடுங்கள்.

சாம்பல் உடல், முதுகில் கறுப்புக் கோடுகள்: எல்லாம் வீட்டு ஈபோலவே இருக்கிறது

தவறான பெயர்கள் அதிகம் சேர்வது இங்கேதான், ஆகவே நிதானமாகப் போவோம். முதலில் கோடுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் வீட்டு ஈ, மஸ்கா டொமெஸ்டிகா, ஆக வாய்ப்பு. மூன்று தடித்த கோடுகளும், வயிற்றில் சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறிக் கறுப்பும் வெள்ளியும் வந்தால் சார்கோஃபேஜிடே, அதாவது சதை ஈ. வெளிச்சம் வரும் திசை மாறினால் அந்தக் கட்டங்கள் இடம் மாறும், கறுப்பு வெள்ளியாகும். ஒரே ஈயின் இரண்டு படங்களில் வயிறு வேறாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். இரண்டு அகன்ற பட்டைகள் என்றால் மஸ்கா சோர்பென்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை எண்ணுவதோடு நின்றுவிடாமல் சிறகுக்குப் போங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு சிறகை மட்டும் திரை நிறையப் பெரிதாக்குங்கள். சிறகின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் நீள நரம்பு ஒன்றைக் கண்ணால் பின்தொடருங்கள். மீடியன் நரம்பு என்பது அதுதான். வீட்டு ஈயில் அது முக்கால் தூரம் நேராக வந்து, முட்டுச் சந்தில் திரும்புவதுபோல் சட்டென்று முன்பக்கம் ஒடிந்து, மேலே உள்ள நரம்பை நெருங்கிச் சிறகு நுனிக்கருகே முடியும். மஸ்கினா ஸ்டாபுலான்ஸில் அதே நரம்பு வில்போல் இலேசாகத்தான் வளையும். ஃபானியாவில் வளைவே இல்லாமல் விளிம்புக்கு நேரே ஓடிவிடும். அறையின் நடுவே விளக்குக்குக் கீழ் ஓயாமல் வட்டமிடும் சிற்றீ பெரும்பாலும் ஃபானியா கனிகுலாரிஸின் ஆண். முதுகில் மங்கிய மூன்று கோடுகள் இருப்பதால் சதை ஈயின் குட்டி என்று எழுதிவிடுகிறார்கள். ஈயில் குட்டி என்று ஒன்று கிடையாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து சிறகு விரிந்தபின் ஈ வளராது.

சதை ஈயிலும் நரம்பு கூர்மையாக ஒடியும், ஒடியும் இடத்தில் பல சமயம் ஒரு சிறு வால் நீட்டிக்கொண்டிருக்கும்.

நரம்பு வளையாமல் நேரே ஓடினால் இன்னொரு கேள்வி பாக்கி. சிறகின் பின்பகுதியில், உடலுக்கு அருகே உள்ள குட்டையான பிட்ட நரம்பு விளிம்பு வரை போய்த் தொட்டால் ஆந்தோமையிடே, நடுவழியில் நின்றுவிட்டால் மஸ்கிடே அல்லது ஃபானிடே. சிறகு மடிந்திருக்கும் படத்தில் இந்தப் பகுதி மறைந்துவிடும், எனவே ஊகிக்க வேண்டாம்.

உறிஞ்சுகுழல் ஊசிபோல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டொமாக்ஸிஸ் கால்சிட்ரான்ஸ், கடிக்கும் ஈ. வீட்டு ஈயின் குழல் நுனியில் பஞ்சுபோல் விரிந்து கீழே தொங்கும். மேலிருந்து பார்த்தாலும் கடிக்கும் ஈயின் தலைக்கு முன்னே அந்த ஊசி எட்டிப்பார்க்கும். மார்பில் பொன்னிறச் சுருள் மயிர் இருந்து, சிறகுகள் கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் பொல்லெனியா.

முள்மயிர் அடர்ந்து முரட்டு வயிற்றோடு இருந்தால் டாக்கினிடே குடும்பம் நினைவுக்கு வர வேண்டும். அதன் சாட்சி பக்கவாட்டில் இருக்கிறது. மார்பின் கடைசியில், முதுகுப்புறமாக, முக்கோணத் தகடு ஒன்று உண்டு. அதற்கு நேர் கீழே, தலையணையின் அடியில் இன்னொரு சிறு தலையணை செருகியதுபோல் ஒரு புடைப்புத் தெரிந்தால் அது டாக்கினிடேதான். புடைப்பு தட்டையாக இருந்தால் மறுபடி சதை ஈ, கல்லிஃபோரிடே பக்கம் திரும்புங்கள்.

சதை ஈ என்று தெரிந்தபின் இனப்பெயர் தேடி அலைய வேண்டாம். சார்கோஃபேகாவின் இனங்களைப் பெரும்பாலும் ஆணின் பிறப்புறுப்பு வடிவத்தைக் கொண்டுதான் பிரிக்கிறார்கள். முதுகுப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைக் காட்டாது.

சிறகில் வானவில் நிறம், நரம்பு தெரியவில்லை

மெல்லிய சிறகுச் சவ்வில் ஒளி பட்டுத் திரும்பும்போது வரும் நிறம் அது. இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிளாஷை லென்ஸுக்கு நேராக வைத்தால் இது அதிகம். வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக வரட்டும். சிறகுக்குப் பின்னால் வெளிறிய, வெறுமையான பின்னணி இருக்கட்டும். கண்ணாடிச் சன்னலில் அமர்ந்த ஈ இதற்கு மிக வசதி: வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் நரம்புகள் வரைபடம்போல் தெரியும். அதே படத்தில் உடல் நிழலுருவமாகிவிடும் என்பதால் உடலுக்குத் தனியாக இன்னொன்று எடுங்கள்.

ஃபிளாஷுக்கும் ஈக்கும் நடுவே டிரேசிங் தாளோ வெள்ளைத் துணியோ ஈக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ, அவ்வளவு மென்மையாகும் வெளிச்சம். மின்னும் உடலில் வெள்ளைத் திட்டு விழுவதும் இதனாலேயே குறையும்.

முள்மயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை

பெரிய முள்மயிரின் தடிமனே ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு மூன்று பங்குதான். 7 மில்லிமீட்டர் நீளமுள்ள ஈ படத்தில் 1500 பிக்சல் நீளத்துக்கு விழுந்தால் அந்த மயிருக்கு நான்கைந்து பிக்சல் கிடைக்கும், நம்பலாம். 300 பிக்சல் மட்டும் என்றால் ஒரு பிக்சலை ஒட்டித்தான் கிடைக்கும், நம்ப முடியாது. நடைமுறைக் கணக்கு: குடும்பம் பார்க்க 300, நரம்பு பார்க்க 800, முள்மயிர் எண்ண 1500 பிக்சலுக்கு மேல். இது ஈயின் நீளம், படத்தின் மொத்த அகலம் அன்று.

பிக்சல் போதுமான அளவு இருந்தும் மயிர் தெரியவில்லை என்றால் கைபேசியின் மென்பொருளைச் சந்தேகியுங்கள். இரைச்சலை அகற்றும்போது மெல்லிய மயிர்களையும் சேர்த்து வழித்துவிடும். போர்ட்ரெய்ட் முறை பின்னணியை மங்கலாக்கும்போது உணர்கொம்பையும் அரிஸ்டாவையும் பின்னணி என்று நினைத்து அழிக்கும். இரவு முறையில் பல படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைவதால், இடையில் ஈ கால் அசைத்தால் ஏழாவது கால் முளைக்கும். மூன்றையும் அணைத்துவிட்டு எடுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், எடுத்தபின் வெட்டிக்கொள்வதே மேல்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. படத்தைக் கூர்மைப்படுத்தும் கருவியை அதிகம் ஏற்றினால் விளிம்புகளில் வெள்ளை ஒளிவளையம் விழும், அது வரிசையான மயிராகவும் மார்பின் வெண்கோடாகவும் தோன்றும். தெளிவற்ற படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்னும் ஆபத்து. அவை இல்லாத மயிரையும் நரம்பையும் வரைந்து சேர்க்கும். அடையாளம் காணும் வேலைக்கு அந்தப் படத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

செய்திச் செயலி வழியாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். அனுப்புபவரிடம் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த தேதியும் அப்போதுதான் படத்தோடு சேர்ந்து வரும்.

பழ ஈ என்கிறார்கள், எந்தப் பழ ஈ?

இந்தப் பெயரில் தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள் அடங்கியிருக்கின்றன. கனிந்து அழுகும் பழத்தைச் சுற்றும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஈ டிரோசோஃபிலிடே. காயிலேயே துளையிட்டு முட்டை வைக்கும், வீட்டு ஈ அளவுக்கு வளரும், சிறகிலோ மார்பிலோ அலங்காரம் உள்ள ஈ டெஃப்ரிடிடே. பெண்ணின் வயிற்று நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முட்டையிடும் உறுப்பு. கொடுக்கு என்று நினைத்து குளவிப் பட்டியலில் தேட வேண்டாம்.

டெஃப்ரிடிடேயில் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்றால் சிறகின் முன்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு தொடர்ச்சியாக ஓடும், வயிற்றில் ஆங்கில T எழுத்துபோல் கறுப்புக் குறி இருக்கும். பாக்ட்ரோசெரா ஜோனாட்டாவில் அந்த விளிம்புக் கோடு முழுதாக ஓடாது, சிறகு நுனியில் ஒரு சிறு பழுப்புப் புள்ளி மட்டும் தனியாக நிற்கும். மார்பின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் கோடுகளோடு நடுவில் மூன்றாவதும் இருந்து, சிறகில் குறுக்குப் பட்டையும் இருந்தால் சியூகோடாகஸ் குகர்பிட்டே. 2015-இல் சியூகோடாகஸ் தனிப் பேரினமானது, அதனால் பழைய நூல்களில் இதைப் பாக்ட்ரோசெரா குகர்பிட்டே என்றே பார்ப்பீர்கள். அதே ஆண்டில் இன்வாடென்ஸ், பப்பாயே என்ற பெயர்கள் டார்சாலிஸோடு இணைக்கப்பட்டன. இரண்டு நூல்கள் இரண்டு பெயர் சொன்னால் இரண்டு ஈ என்று நினைக்காமல் நூல் வெளியான ஆண்டைப் பாருங்கள். டார்சாலிஸுக்கு நெருங்கிய உறவுள்ள இனங்கள் ஏராளம்; படத்தில் ‘டார்சாலிஸ் கூட்டம்’ என்று எழுதுவதே நேர்மை.

டிரோசோஃபிலாவில் ஆணின் சிறகு நுனியருகே கறும்புள்ளி இருந்தால் சுசுகி என்று உடனே எழுதிவிடுகிறார்கள். பையார்மிபெஸ் இனத்தின் ஆணுக்கும் புள்ளி உண்டு. புதிதாக வெளிவந்த சுசுகி ஆணில் முதல் சில மணி நேரம் புள்ளி இருக்காது. பெண்ணுக்குப் புள்ளியே கிடையாது; அதன் முட்டையிடும் உறுப்பில் உள்ள ரம்பப் பற்களைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். தலையிலிருந்து மார்பு வரை வெள்ளிக் கோடுகள் ஓடினால் அது சாப்ரியோனஸ், அதைப் படத்திலேயே பேரினம் வரை சொல்லிவிடலாம். பழக்கூடையருகே முதுகு கூனிய சிற்றீ விட்டு விட்டு ஓடினால் ஃபோரிடே.

நிறம் நூலில் உள்ளதுபோல் இல்லை

காரணங்கள் பல, ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

வெளிறி, சிறகு கசங்கி, நெற்றியில் கொப்புளம்போல் ஏதோ புடைத்திருந்தால் அது கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ. கொப்புளம் கூட்டை உடைக்கப் பயன்பட்ட உறுப்பு, சிறிது நேரத்தில் உள்ளிழுக்கப்பட்டுவிடும். நிறம் ஏறாத இந்த ஈயை வைத்து இனம் தேடினால் எந்த நூலிலும் கிடைக்காது.

வயிறு வீங்கி, பட்டைபட்டையாக வெண்மை தெரிந்து, சிறகுகள் மேலே தூக்கியபடி அசையாமல் ஒட்டியிருந்தால் என்டமோஃப்தோரா பூஞ்சையால் இறந்த ஈ. வெண்பட்டைகள் வயிற்று வளையங்களின் இடையே வெளிவந்த பூஞ்சை, ஈயின் அணி அன்று. மார்பில் மட்டும் சீரற்ற மஞ்சள் பொடி இருந்தால் மகரந்தம்.

வெப்பமும் நிறத்தை மாற்றும். எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் கூட்டுப்புழுப் பருவத்தைக் குளிரில் கழித்தால் கறுப்பு கூடி வெளிவரும். அப்போதும் மூன்றாம், நான்காம் வயிற்று வளையங்களில் தடித்த பட்டைக்கும் மெல்லிய பட்டைக்கும் உள்ள அமைப்பு மாறாது. நிறத்தைவிட அமைப்பை நம்புங்கள்.

குதிரை ஈயின் கண்கோடுகள் செத்தபின் மறைந்துவிடும். கிரைசாப்ஸில் கண்ணில் புள்ளிகள், ஹெமட்டோபோட்டாவில் நெளிகோடுகள் என்பதெல்லாம் உயிருள்ள ஈக்குத்தான். செத்த ஈயை ஈரப்பதமுள்ள மூடிய பெட்டியில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும்.

கடைசியாகப் படக்கருவி. மஞ்சள் விளக்கில் சாம்பல் ஈ பழுப்பாகும். அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் படம் எடுத்து வைத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம்.

ஒரே செடியில் இரண்டு வகை, ஒருவேளை ஆணும் பெண்ணுமா?

தலையை நேர் மேலிருந்து பாருங்கள். சிர்ஃபிடே, குதிரை ஈ, பெரும்பாலான நீல ஈக்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடும் அல்லது மிக நெருங்கும். பெண்ணுக்கு நடுவே இடைவெளி இருக்கும். சதை ஈயில் இரு பாலிலும் இடைவெளி உண்டு, அங்கே இந்த விதி செல்லாது. மற்றபடி இடைவெளி, வயிற்றின் வடிவம் இவற்றைத் தவிர எல்லாம் ஒத்துப்போனால் ஒரே இனத்தின் இரு பால் என்று கருதலாம்.

கொசுவா, கொசு போன்றதா?

உணர்கொம்பு பறவை இறகுபோல் அடர்ந்திருந்து, நீண்ட குழல் இல்லாமல், அமரும்போது முன்னங்கால்களைத் தூக்கினால் கைரோனோமிடே, கடிக்காது. கொசுவுக்குத் தலையைவிட நீண்ட குழலும் சிறகு நரம்புகளில் செதிலும் இருக்கும், பெரும்பாலும் பின்னங்காலைத் தூக்கும். மார்பில் ஆங்கில வி வடிவ மடிப்புடன் நீண்ட கால்கள் கொண்டது டிப்புலிடே. பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

செயலி உறுதியாக ஒரு பெயர் சொல்கிறது

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் மென்பொருள், தான் பயின்ற படங்களுக்குள்ளேயே தேடும். அதிகம் படம் எடுக்கப்பட்ட இனத்தின் பக்கம் சாயும். அது சொல்லும் பெயரை விடையாக எடுக்காமல் கேள்வியாக எடுங்கள். வீட்டு ஈ என்று சொன்னால் நரம்பு ஒடிகிறதா, கோடு நான்கா என்று நீங்களே சரிபாருங்கள். ஒரே ஈயின் மூன்று கோணப் படங்களைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. மூன்றுக்கும் மூன்று இனம் வந்தால் மூன்றுக்கும் பொதுவான குடும்பமே நம்பத்தக்கது.

உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில், பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் பதிவுக்கு ஆய்வுத் தரம் கிடைக்கும். இரண்டு பேர் சொன்னாலே போதும். இரண்டாமவர் முதலாமவரை நம்பி மட்டும் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தத் தரம் ஒன்றும் சொல்லாது. எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: ‘கன்னம் ஆரஞ்சு, தண்டு நரம்பில் மயிர்’. திருத்த வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எல்லாம் பார்த்தாயிற்று, இனம் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்

பயிர்ச்சேதம், கால்நடைக்குப் புண், வீட்டில் திரளாகப் புழு என்று காரணம் இருந்தால் படத்தோடு நிற்காமல் ஈயையும் வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும்போது மூன்று கோணப் படம், கண்ணின் அண்மைப் படம், அளவுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல். அளவுகோல் ஈ இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால் அளவு பிசகும். பிறகு உறைநிலைப் பகுதியில் சில மணி நேரம் வைத்துக் கொல்லலாம்.

முதுகின் சாம்பல் பூச்சும் கோடுகளும் முக்கியமான ஈக்களை உலர்வாக ஊசியில் குத்தி வைப்பது நல்லது, ஆல்கஹாலில் அந்தப் பூச்சு மங்கிவிடும். கொசு போன்ற மென்மையான நீர்ப்பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் 70 முதல் 80 சதவீத எத்தனால் பொருந்தும். கொசுவை மட்டும் உலர்வாக வையுங்கள், திரவத்தில் செதில் உதிர்ந்தால் அடையாளமே போய்விடும். ஆண் சதை ஈ கிடைத்தால் உடல் விறைப்பதற்கு முன் வயிற்று நுனியிலிருந்து பிறப்புறுப்பை நுண்ணூசியால் வெளியே இழுத்து அப்படியே உலர விடுங்கள். பிடித்த இடம், தேதி, எதன்மேல் அமர்ந்திருந்தது என்ற மூன்றையும் சிறு சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும், வெளியே ஒட்டிய சீட்டோ உதிர்ந்துவிடும்.